நோட்டுவேண்டாம் பத்திரகாளி

“எல்லாரும் நோட்டுதான் குடுக்காக. நோட்டு நடந்தா வருது? பிள்ளைகள்ல நடந்து வருது!”

பள்ளிக்கூடத்துக்குத் தருமமாக வருகிற எழுதும் நோட்டைப் பற்றிய இந்தப் பேச்சை வாசித்தால் மட்டும் போதாது. இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ‘நடந்தா’ என்ற இடத்தில் குரலை வேப்பமர உச்சிக்கு ஏற்றி, ‘பிள்ளைகள்ல’ என்ற இடத்தில் தொப்பென்று கீழே போட வேண்டும். வேப்பூரணியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதை அச்சுப் பிசகாமல் செய்து காட்டும். ரேஷன் கடை வரிசையில் இந்தக் குரல் கேட்கும். கல்யாணப் பந்தியில் ரசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கேட்கும். ஒரு துஷ்டி வீட்டில், மாரடித்து அழுது முடித்து மூக்கைச் சிந்திய கையோடு, பக்கத்தில் இருந்தவளிடம் இதையே சொன்னாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதனால்தான் அவளுக்கு ஊரில் ‘நோட்டுவேண்டாம் பத்திரகாளி’ என்று பெயர்.

முப்பத்தாறு வயது. சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை. வெடிகளைப் பெட்டிக்குள் அடுக்கி லேபிள் ஒட்ட வேண்டும். அவள் வாய் ஓட ஓடத்தான் கையும் ஓடும். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர் ஒருநாள், “பேசாம வேலையப் பாருங்கம்மா” என்று சொல்லப்போய், அன்று சாயங்காலம் பெட்டிக் கணக்கு பாதியாகக் குறைந்துவிட்டது. மறுநாள் அவரே வந்து, “நேத்து எங்க விட்டீங்க? அந்த நோட்டுக் கதையச் சொல்லுங்க” என்று கெஞ்சினார். புருஷன் காளீஸ்வரன் லாரியில் லோடு ஏற்றுகிறவன். ஒருநாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். “நீ ஏம்ணே பேசவே மாட்டேங்க?” என்று கேட்டால், “எடம் இருந்தாத்தான?” என்பான். அன்றைய நாலில் இரண்டு அதோடு செலவாகிவிடும்.

இவர்கள் குடியிருப்பது கீழக்காடு. ஆனைக்குட்டத்திலிருந்து உள்ளே வந்தால் வேப்பூரணி. அங்கேதான் ஒன்றியத் தொடக்கப் பள்ளி. கீழக்காடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், நடுவில் ஒரு ஓடை, அதைத் தாண்டினால் லோடு லாரிகள் பறக்கிற ரோடு. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து தாய்மாரை அள்ளிக்கொண்டு போய்விடும். பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு. நடுவில் உள்ள நேரத்தில் பதினோரு பிள்ளைகள் தாமாகத் தலை சீவி, தாமாகப் பூட்டிச் சாவியை ஓட்டில் செருகி, தாமாக அந்த ரோட்டில் நடக்க வேண்டும். அதில் ஒருத்தி பத்திரகாளியின் மகள் ஆர்த்தி, நாலாம் வகுப்பு. வெயில் காலத்தில் நடந்துவிடும். மழை வந்து ஓடையில் தண்ணீர் ஓடினால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

பத்திரகாளிக்கு இது புதிதல்ல. அவளும் இதே ஓடையைத் தாண்டி எட்டாம் வகுப்பு வரை போனவள். “அந்த வருசம் பதினஞ்சு நாளு விடாம மளை. பதினாறாம் நாளு வெயில் அடிச்சுச்சு. ஆனா எனக்குப் போக வெக்கமா இருந்துச்சு. டீச்சரு ‘எங்கட்டி போன இம்புட்டு நாளா’ன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? ஒருநாள் தள்ளிப் போட்டேன். அப்படியே இருவது வருசம் ஆயிப்போச்சு” என்பாள். இதை மட்டும் அவள் குரல் ஏற்றாமல் சொல்வாள். அதனால் இதை யாரும் செய்து காட்டுவதில்லை.

இப்போது இன்னொரு பயமும் சேர்ந்திருந்தது. தூரத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றின் மஞ்சள் வேன் கீழக்காட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது. மழைக்கு மழை நாலு தாய்மார் மனம் அந்த வேனுக்குள் ஏறி உட்கார்ந்து இறங்கும். கட்ட முடியாத பீஸ், ஆனால் கடன் வாங்கியாவது ஏற்றிவிடுவார்கள். ஏற்ற முடியாதவர்கள் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். நாற்பத்து மூன்று பிள்ளைகள் உள்ள பள்ளிக்கூடத்தில் பதினொன்று போனால் மிச்சம் எத்தனை வருஷம் தாங்கும்?

கொடுக்கிறவர்களுக்கோ குறைவே இல்லை. ஊரைச் சுற்றி அச்சகமும் பட்டாசு கம்பெனியும் இருக்கிற சீமையில் தருமம் செய்ய ஆள் தட்டுப்படாமல் இருக்குமா? பென்சில் டப்பா கொடுத்த ஒரு சங்கத்தின் செயலாளர் மைக்கைத் தட்டித் தட்டி, “அலோ… அலோ… இந்த மாணவச் செல்வங்கள்… அலோ…” என்று நாற்பது நிமிஷம் பேசினார். டப்பா கொடுக்க நாலு நிமிஷம் ஆனது. இன்னொருவர் மின்விசிறி கொடுத்தார். மூன்று இறக்கையிலும் ‘உபயம்’ என்று தன் பெயரை எழுதிவிட்டு, அது சுற்றினால் பெயர் தெரியவில்லை என்பதால், தான் வரும் நாளில் விசிறியை நிறுத்திவைக்கச் சொன்னார். பச்சைப் பலகை கொடுத்தவர் தன் குடும்பம் முழுவதையும் அதன் மேல்பாதியில் பெயின்ட்டில் எழுதியிருந்தார். ஜெஸ்லின் டீச்சர் கீழ்ப்பாதியில் குனிந்து குனிந்து எழுதி அவருக்கு முதுகுவலி.

ஜெஸ்லின் டீச்சர் தலைமையாசிரியை. அவர் குரல் பஞ்சு. “கொடுக்கிறவங்களை நோகடிக்கக் கூடாதும்மா… கர்த்தர் பாத்துக்கிடுவாரு…” என்று காற்றில் கரைந்துபோகும்.

மற்ற எல்லாருமே கொடுத்தது நோட்டுதான். நோட்டு, புத்தகம், பை, செருப்பு எல்லாம் அரசாங்கமே கொடுக்கிறது. ஆனால் அச்சடிக்கிற ஊரில் நோட்டுப் போடுவது லேசு, அட்டையில் தன் படமும் போட்டுக்கொள்ளலாம். இதைக் கேட்கத்தான் பத்திரகாளி ஒருநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனாள். தலைவர் பதவிக்கு, படிக்கிற பிள்ளையின் தாய் ஒருத்தி வேண்டும். யாரும் முன்வரவில்லை. இவள் பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆனதும் பின்னால் இருந்து ஒருவர், “அந்தப் பதவிய இவளுக்கே குடுத்துருவோம்யா, அப்பயாவது உக்காருவா” என்றார். கொடுத்தார்கள். அவள் உட்காரவில்லை.

அந்த ஜூன் மாதத்தில் வந்தார் மணிகண்டராஜ் அண்ணாச்சி. சிவகாசியில் ஆப்செட் அச்சகம். நல்ல மனுஷன்தான். ஆனால் பேசுவதற்கு முன் தொண்டையை ஒரு லாரி கிளம்புகிற மாதிரிச் செருமுவார்; பேச்சு பிறகுதான் வரும். வியாபாரிகள் சங்கத் தேர்தலில் தலைவருக்கு நிற்கப் போகிறார் என்பதால் அந்த வருஷம் தருமம் சற்றுத் தாராளம். நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு இரண்டாயிரம் நோட்டு கொண்டுவந்து இறக்கினார்.

“ரெண்டாயிரமா அண்ணாச்சி!” என்று பத்திரகாளி வாயில் கைவைத்தாள்.

“ஹ்ர்ர்ம்ம்… மிசின்ல பிளேட்ட ஏத்திட்டா அதுக்குக் கொறஞ்சு ஓட்டுனா கட்டாது தாயி. வச்சுக்கோங்க.”

அட்டையில் அண்ணாச்சி கும்பிட்டபடி நின்றார். அதோடு விட்டாரா? உள்ளே திறந்தால் பக்கத்துக்குப் பக்கம், வலது மூலையில், தீப்பெட்டி லேபிள் அளவுக்கு அவர் முகம். மீசையோடு சிரிக்கிற முகம். ஆர்த்தி ஒரு வாரம் எழுதிப் பார்த்துவிட்டு வந்து, “டீச்சர், கணக்குத் தப்பாப் போட்டாலும் இவரு சிரிக்காரு டீச்சர். நம்பி ஏமாந்துட்டேன்” என்று புகார் சொன்னாள்.

பிள்ளைக்கு நான்கு நோட்டு கொடுத்தது போக மிச்சம் பீரோவை நிறைத்து, பீரோவின் தலையில் ஏறி, டீச்சரின் நாற்காலிக்கடியிலும் உட்கார்ந்துகொண்டது. கரையான் வேறு எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அப்போதுதான் பத்திரகாளிக்கு அந்த யோசனை வந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஆண்டிச்சாமியைப் பிடித்தாள். அவருக்கு வாயில் எப்போதும் வெற்றிலை. பேச்சு பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

“கீழக்காட்டுப் பிள்ளைகளக் காலையில ரெண்டு நடை, சாயந்தரம் ரெண்டு நடை கூட்டிட்டு வாரீகளாண்ணே?”

“வாழகை?” என்று வெற்றிலைக்குள்ளிருந்தே வாடகையைக் கேட்டார்.

“வாரம் ஒரு கட்டு நோட்டு.”

ஆண்டிச்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினார், அதிர்ச்சி அப்படி. “நோட்டா! அஞ்சாங்கிளாஸ் படிச்ச பயலுக்கு நோட்டு எதுக்குத்தா?”

“ஒங்கள எளுதவா சொன்னேன்? விருதுநகர்ல பளைய பேப்பர்க் கடையில எடைக்குப் போடுங்க. வெள்ளத் தாளு. டீசல் வந்துரும்.”

ஜெஸ்லின் டீச்சருக்கு நடுக்கம். “தானமா வந்ததும்மா… தப்பில்லையா…”

“பிள்ளைகளுக்குக் குடுத்ததுதான டீச்சர்? பிள்ளைகளுக்குத்தான செலவாகுது? கரையானுக்குக் குடுத்தா மட்டும் அண்ணாச்சிக்குப் புண்ணியமா?”

கூட்டம் போட்டு, ‘உபரி நோட்டுகளைப் பிள்ளைகளின் போக்குவரத்துக்குப் பயன்படுத்துவது’ என்று தீர்மானம் எழுதினார்கள். மறு திங்கட்கிழமை ஆட்டோ ஓடியது. ஆறு பிள்ளைகள் ஒரு நடை, ஐந்து பிள்ளைகள் ஒரு நடை. முதல் நடையில் யார் என்பதற்குத் தினமும் சண்டை. ஆண்டிச்சாமி ஹாரன் அடித்தால் கோழிகள் ஓடும், பிள்ளைகள் எதிர்த்து ஓடிவரும். ஆவணியில் மழை இரண்டு நாள் கொட்டியது. ஆட்டோ ஓடைக்கரைச் சகதியோடு சுற்றி, தூரத்துப் பாலம் வழியாக வந்தது. அன்றும் வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று ஒரு கோடுகூட இல்லை. பத்திரகாளி கம்பெனியில் அன்று அடுக்கிய பெட்டிகளைப் பார்த்து சூப்பர்வைசரே மலைத்துவிட்டார்.

தீபாவளி லீவுக்கு முந்தின சனிக்கிழமை, கடைசிக் கட்டும் போய்விட்டது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது ஆட்டோ வரவில்லை. ஆண்டிச்சாமி தலையைச் சொறிந்தார். “எனக்கும் மனசுதான்த்தா. வண்டி மனசுல ஓடாதே.” ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். ஒருநாள், இரண்டு நாள், ஐந்து நாள். மஞ்சள் வேன்காரர் கீழக்காட்டுக்கு வந்து வீடு வீடாக விண்ணப்பத் தாள் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வீட்டில் வாங்கி வைத்துவிட்டார்கள். ஆர்த்தி ஏழாம் நாள் காலையில் தலை சீவாமல் உட்கார்ந்திருந்தாள். “நாளைக்குப் போறேம்மா” என்றாள். பத்திரகாளி அன்று கம்பெனி வேனில் வாயே திறக்கவில்லை. கூட வந்த பெண்கள் அவளுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அதே வாரத்தில் சிவகாசியில் மணிகண்டராஜ் அண்ணாச்சி தேர்தலில் ஜெயித்தார். மாலை, மேளம், ஊர்வலம். கடைத்தெருவில் பத்தாயிரம் சரவெடி ஒன்றை விரித்துப் பற்றவைத்தார்கள்.

வெடிக் குழல் சுற்றுவது பழைய தாளில்தான். வெடித்துச் சிதறினால் யாருடைய பரீட்சைத் தாளோ, எந்த வருஷத்துக் காலண்டரோ, பொடிப்பொடியாகத் தெருவில் கிடக்கும். இந்தப் பக்கத்தில் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அன்றைக்கு ஒரு சின்னப் பயல் பார்த்துவிட்டான். “ஏலே, இந்தா அண்ணாச்சி! ஏலே, இங்கனயும் அண்ணாச்சி!” என்று கத்தினான். புகை விலகியது. தெரு நெடுக அண்ணாச்சியின் முகம். கருகிய முகம், பாதி முகம், ஒற்றைக் கண், தனி மீசை. மாலை போட்டிருந்த தோளிலும் ஒரு காது வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி முதலில் பூரித்துப்போனார். “ஹ்ர்ர்ம்ம்… நமக்காக ஸ்பெசலாச் செஞ்சிருக்கானுகளா? எவன்லே அது, எம்புட்டுப் பிரியம் பாரு!”

பக்கத்தில் நின்றவர் ஒச்சப்பன். அவருடைய அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். காய்ந்த சுக்கு மாதிரிக் குரல். குனிந்து ஒரு துண்டை எடுத்தார், தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார். “பிரியமெல்லாம் இல்ல மொதலாளி. நம்ம நோட்டு. இந்த ஓரத்த வெட்டுனதே நான்தான்.”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணாச்சியின் கார் வேப்பூரணிப் பள்ளிக்கூட வாசலில் நின்றது. ஜெஸ்லின் டீச்சர் போன் போட, பத்திரகாளி அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தாள். அண்ணாச்சி ஒரு மஞ்சள் பையைத் தூக்கி டீச்சர் மேஜையில் கவிழ்த்தார். கண்ணும் மூக்குமாகக் கொட்டியது.

“ஹ்ர்ர்ம்ம்! என்னம்மா இது? எம் மூஞ்சிய ஊரே மிதிக்குது! புண்ணியத்துக்குக் குடுத்தத வெடிக்குச் சுத்த வித்திருக்கீக!”

டீச்சரின் பஞ்சுக் குரலில் அன்று பஞ்சும் இல்லை. பத்திரகாளி வாயைத் திறந்தாள். அதற்குள் மேஜையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்துவிட்டன. இரண்டாம் வகுப்பு ஒன்று நெற்றியைக் கண்டுபிடித்தது, மூன்றாம் வகுப்பு கன்னத்தைப் பொருத்தியது. “டீச்சர், இதுக்கு மீசை மேல வருமா கீள வருமா?” என்று ஒரு பையன் அண்ணாச்சியையே நிமிர்ந்து பார்த்துச் சரிபார்த்துக்கொண்டான். “சார், சார், அசையாதீக!” என்றாள் ஒரு பொடிசு. “ஒங்க மூக்கு கிடைச்சிருச்சு!”

அண்ணாச்சி அசையாமல் நின்றார். நின்றவருக்கு உதடு துடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தொண்டை செருமாமலே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்து, “நோட்டு குடுத்த அன்னைக்கு நெறைய பிள்ளைக இருந்துச்சே. இன்னைக்கு என்ன கொறஞ்சு கிடக்கு?” என்றார்.

“கொறஞ்ச பதினொண்ணும் கீழக்காட்டுப் பிள்ளைக அண்ணாச்சி” என்றாள் பத்திரகாளி. “ஒங்க நோட்டுதான் நாலு மாசமா அதுகள ஆட்டோவுல கூட்டிட்டு வந்துச்சு. நோட்டு தீந்துச்சு, ஆட்டோ நின்னுச்சு. எம் மகளும் இன்னைக்கு வரல. இன்னும் நாலு நாளு போனா அதுக்கு வெக்கம் வந்துரும். வெக்கம் வந்தா வராது. எனக்குத் தெரியும்.”

அண்ணாச்சி மேஜையில் இருந்த தன் ஒற்றைக் கண்ணை எடுத்துப் பார்த்தார்.

“சரி தாயி, ஆட்டோவுக்கு நான் டீசல் போட்டா அது யாருக்குத் தெரியும்? நோட்டுன்னா அட்டையில பேரு இருக்கு. டீசல்ல எங்கன பேரு போட?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பத்திரகாளி இடது கையை இடுப்பில் ஊன்றினாள்.

“நோட்டு பைக்குள்ள கிடக்கும் அண்ணாச்சி. பை முதுகுல கிடக்கும். ஒங்க மூஞ்சிய யாரு பாப்பா? ஆட்டோ பின்னாடி ஆளுசரத்துக்கு ஒட்டுங்க. காலையில கீழக்காடு, பத்து மணிக்கு ஆனைக்குட்டம், மத்தியானம் விருதுநகர் சந்தைன்னு ஒங்க மூஞ்சி ஊரு ஊராப் போகும். யாரும் மிதிக்கவும் முடியாது.”

அண்ணாச்சி பையிலிருந்து போனை எடுத்தார். “ஒச்சப்பா… ஹ்ர்ர்ம்ம்… ஆட்டோ பின்பக்கம் அகலம் எம்புட்டுன்னு ஒரு அளவு எடுல.”

புதன்கிழமை ஆட்டோ வந்தது. பின்னால் அண்ணாச்சி ஆளுயரத்தில் கும்பிட்டபடி நின்றார். இரண்டு பக்கமும் சிரித்தார். உள்ளே பிள்ளைகள் உட்காருகிற இடத்துக்கு எதிரே ஒரு சின்ன அண்ணாச்சி, யார் சேட்டை செய்தாலும் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷம் பூராவும் டீசல் அவர் பொறுப்பு. ஆண்டிச்சாமிக்குத்தான் ஒரு குறை.

“அங்கன எங்க கொலசாமி படம் இருந்துச்சுத்தா.”

“சாமி முன்னாடி போகட்டும்ணே. மொதலாளி பின்னாடி வரட்டும்” என்றாள் பத்திரகாளி. குலசாமி முன்கண்ணாடிக்குக் குடிபெயர்ந்தது.

முதல் நடையிலேயே ஆர்த்தி ஏறியிருந்தாள், எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டு. மஞ்சள் வேனின் விண்ணப்பத் தாள்கள் மூன்று வீட்டிலும் அரிசிப் பானைக்கு மூடியாகிவிட்டன. அன்றைக்குக் கம்பெனி வேனில் பத்திரகாளி பேசிய பேச்சில் ஓட்டுநர் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டார். காளீஸ்வரன்கூட அன்று ஐந்தாவதாக ஒரு வார்த்தை சொன்னான்: “நல்லாருக்கு.”

கார்த்திகை மழை அந்த வருஷம் ஓய்வே இல்லை. அந்த மழையில்தான் அண்ணாச்சி சங்கத்து ஆட்கள் நாலு பேரை இரண்டு காரில் கூட்டிக்கொண்டு தன் ஆட்டோவைக் காட்ட வந்தார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வாசலில் நின்றிருந்தது ஆட்டோ. அண்ணாச்சி பெருமையாகப் பின்பக்கம் கூட்டிப் போனார். கும்பிட்ட கை இல்லை, வெள்ளைச் சட்டை இல்லை, சிரிப்பு இல்லை. உச்சி முதல் பாதம் வரை கரிசல் சகதி அப்பி, நடுவில் மீசை மட்டும் தெரிந்தது. சங்கத்து ஆட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார்கள்.

“ஹ்ர்ர்ம்ம்! பத்திரகாளி! என்ன தாயி இது? இதுக்கா நான் ஆளுசரத்துக்கு ஒட்டுனேன்? எம் மூஞ்சியக் கொஞ்சம் தொடைச்சு வைக்கக் கூடாதா?”

பத்திரகாளி அன்று மழையால் கம்பெனி லீவு என்பதால் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். வாசற்படியில் வந்து நின்றாள். உள்ளே நாற்பத்து மூன்று பிள்ளைகளும் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு, இடது கையை இடுப்பில் வைத்துத் தயாராக இருந்தன.

“மூஞ்சியில சகதி இருந்தாத்தான் அண்ணாச்சி வண்டி ஓடுதுன்னு அர்த்தம்! நோட்டுல இருந்தப்ப ஒங்க மூஞ்சி பளபளன்னு இருந்துச்சு, பீரோவுக்குள்ள கிடந்துச்சு. இப்பம் கீழக்காட்டு ஓடை பூரா அதுல அப்பியிருக்கு, பதினோரு பிள்ளையும் உள்ள உக்காந்து வாய்ப்பாடு சொல்லுது. தொடைச்சே ஆகணும்னா நாளைக்குக் காலையில ஆறரைக்குக் கீழக்காட்டுக்கு வாங்க, வாளியும் துணியும் நான் தாரேன். ஆனா எட்டு மணிக்குள்ள தொடைச்சு முடிச்சிரணும், பிள்ளைகளுக்கு நேரமாயிரும்!”